நாலு கைக்குள் அடங்கிய தூண்

எங்கள் ஊரில் ஒரு பெண் கன்னியர் மடத்தில் சேரப் போகிறாள் என்றால், பெற்றவர்கள் அவளோடு போகக் கூடாது. மடத்து வாசலில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தாலும் அந்தப் பெண் உள்ளே தரிக்க மாட்டாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை. எந்தச் சாமியாரும் இதைப் பிரசங்கத்தில் சொன்னதில்லை. ஆனாலும் பூசைக்கே வராதவர்கள்கூட இதை நம்பினார்கள். அப்படித் திரும்பி வந்த பெண்ணை ஊர் சும்மா விடாது. அதனால், அழமாட்டோம் என்று சத்தியம் செய்துகொடுத்த இளவட்டங்கள்தான் கொண்டுபோய் விட்டுவர வேண்டும்.

என் அக்கா மதுரை மடத்துக்குப் போனபோது அண்ணனும், பெரியப்பா மகனும், சித்தப்பா மகளும் கூடப் போனார்கள். பையன்கள் இருவருக்கும் அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. சித்தப்பா மகள் அக்காவைவிட ஒரு வயது சின்னவள். ஏழு வயது நான் அந்தப் பெரிய மனிதர்கள் கூட்டத்தில் சேர்ந்ததற்குக் காரணம் அக்காதான். “பாப்பாவும் வரட்டும்” என்று ஒற்றைக் காலில் நின்றாள். என்னிடம் விஷயத்தைச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு அப்பா சம்மதித்தார். சொன்னால் அழுதுவிடுவேனாம். மதுரையைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று நம்பி, நான்தான் முதல் ஆளாகத் தலைசீவிக்கொண்டு நின்றேன்.

அம்மா வாசற்படியைத் தாண்டவில்லை. அக்காவின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, மாடு கத்துகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். எனக்கு எந்த மாடும் கத்தியதாகக் கேட்கவில்லை.

உத்தமபாளையத்தில் பஸ் பிடித்து, தேனியில் ரயில் ஏறினோம். எனக்கு அதுதான் முதல் ரயில். சன்னலோரம் வேண்டும் என்று கேட்டேன். “இன்னைக்கு அவ உக்காரட்டும், நீ இங்கன வா” என்று பெரியப்பா மகன் என்னை நடுவில் இழுத்து உட்காரவைத்தான். ஆண்டிபட்டிக் கணவாய் வந்ததும் நால்வரும் ஒன்றாகச் சன்னலை அடைத்துக்கொண்டார்கள். நான் பார்த்தது நாலு முதுகுகளைத்தான். வழியெல்லாம் எதற்கெடுத்தாலும் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் அவர்களிடம் நான் பார்த்ததில்லை. என்னவென்று கேட்டால் சட்டென்று நிறுத்திவிட்டு, “ஒண்ணுமில்ல, நீ முறுக்கைத் தின்னு” என்பார்கள். என் மடியில் முறுக்கு சேர்ந்துகொண்டே போனது. ஊரிலேயே இருந்திருந்தால் என் வயதுப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டாவது இருந்திருப்பேன்.

மதுரையில் அக்கா எதைப் பார்க்க ஆசைப்படுகிறாளோ அதைக் காட்டுவது என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள்போல. மகாலைப் பார்க்க வேண்டும் என்றாள். மகாலில் அப்போது கோர்ட்டு நடந்தது. கறுப்பு அங்கி வக்கீல்களுக்கு நடுவே புகுந்து, ஆளில்லாத ஒரு மூலைக்குப் போனோம். அங்கே இருந்த தூணின் பருமனைக் கண்டு வாயைப் பிளந்தேன். எங்கள் வீட்டு நெல் குதிருக்குத் தங்கை மாதிரி இருந்தது.

“இதை ஒரு ஆளு கட்டிப்பிடிக்க முடியுமாலே?” என்றாள் அக்கா.

“அதுக்கு இன்னும் மூணு பேரு வேணும்” என்றான் அண்ணன்.

நால்வரும் தூணில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு கை கோத்தார்கள். வட்டம் சரியாக முடிந்துவிட்டது. நான் சுற்றிச்சுற்றி ஓடினேன். எங்கேயும் ஒரு இடைவெளி இல்லை. “நானும், நானும்” என்று சித்தப்பா மகளின் பாவாடையை இழுத்தேன். யாரும் திரும்பவில்லை. அவர்கள் சிரிப்பதும் நின்றிருந்தது. வெறும் தூணை இவ்வளவு நேரமா கட்டிப்பிடிப்பார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கடைசியில் கோர்ட்டு டவாலிச் சேவகன் ஒருவன் வந்து விரட்டினான். அப்புறம்தான் கையை விட்டார்கள்.

அங்கிருந்து குதிரை வண்டியில் மடத்துக்குப் போனோம். பச்சைக் கதவைத் திறந்து வெள்ளை அங்கி அம்மா ஒருவர் நின்றார். அக்கா ஒவ்வொருவரிடமும் மெதுவாகப் பேசினாள். சித்தப்பா மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தாள். கடைசியாக அக்கா என் முன்னால் குனிந்து, “பாப்பா, ஒனக்கு என்ன வேணும்?” என்றாள்.

அன்றைக்கு என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். அடக்கிவைத்ததெல்லாம் உடைந்துபோயிற்று. “தூணுக்குப் போகணும், நானும் கை கோக்கணும்” என்று ஓவென்று அழுதேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பெரியப்பா மகன் முகம் வெளுத்துப்போய் என் வாயைப் பொத்தினான். அக்கா அவன் கையை விலக்கி, என் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அந்த ஈர முந்தானையோடுதான் உள்ளே போனாள்.

திரும்பும்போது ரயிலில் சன்னலோரம் காலியாக இருந்தது. யாரும் அங்கே உட்காரவில்லை. “நீ போ” என்று எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். அக்கா எப்போது வருவாள் என்று கேட்டேன். பெரியப்பா மகன் மிச்ச முறுக்கை என் மடியில் வைத்தான். “அடுத்த தடவை என்னையும் தூணுக்குச் சேத்துக்கணும்” என்றேன்.

“இனிமே நீ இல்லாம எட்டாது” என்றான் அண்ணன்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அன்றிரவு தேனியில் அத்தை வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் வீட்டுக்கு வந்தோம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, “மடத்து வாசல்ல யாரும் அழுகலயே?” என்று அப்பா கேட்டார்.

“யாரும் அழுகலப்பா” என்றான் அண்ணன்.

போன இடத்தில்தான் என்னை ஆளாக மதிக்கவில்லை, இதிலுமா என்று எனக்குப் பொறுக்கவில்லை. “நான் அழுதேன்!” என்றேன்.

அப்பா அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மா என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“நெசமாவா? வாசல்லயே வச்சா?”

“வாசல்லதான்.”

“கண்ணுத்தண்ணி கீழ விழுந்துச்சா?”

“நெறைய விழுந்துச்சு.”

“நல்லா அழுதியா, ஆத்தா?”

தலையாட்டினேன். எதற்காக அழுதேன் என்று அவள் கேட்கவில்லை. தூணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னை இறுக்கி அணைத்து உச்சியில் முத்தமிட்டாள். பிறகு கொதிக்கிற உலையில் அரிசியைப் போட்டவள், சற்று நின்று யோசித்து, இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டாள்.

அது எனக்கு என்று நினைத்துக்கொண்டேன்.