ஆறு குழாய், ஒரு டர்போ

பட்டறையைக் கூட்டும்போதுதான் முஸாஃபர் கவனித்தான். குழாய்களைப் பொருத்திப் பற்றவைக்கையில் முட்டுக்கொடுப்பதற்காக அவன் வைத்திருந்த நான்கு நட்டுகளில் ஒன்றைக் காணோம். பெஞ்சுக்கு அடியில் தேடினான். இரும்புத் தூளுக்குள் காந்தத்தை விட்டுத் துழாவினான். கிடைக்கவில்லை. அப்படியென்றால் அது குழாய்க்குள் விழுந்திருக்கலாம். அந்தக் குழாய்களோ நேற்றே சுந்தரபாண்டியின் போர்வெல் வண்டியில் பொருத்தப்பட்டு, பரளச்சிப் பக்கம் கிணறு போடப் போய்விட்டன.

துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனை எடுத்தான்.

முஸாஃபர் ஷார்ஜாவில் ஒரு கார் பட்டறையில் எட்டு வருஷம் இருந்தவன். டர்போ வைத்த பந்தயக் கார்களுக்கு ஹெட்டர் செய்வதுதான் அங்கே அவன் வேலை. இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் சீறி வரும் கொதிக்கும் புகையை வாங்கி, அந்த வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றைத் திணிக்கும் டர்போவின் வாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் குழாய்க் கூட்டம் அது. குழாய் பெருத்தால் புகையின் வேகம் செத்துவிடும். சிறுத்தால் இன்ஜின் மூச்சு முட்டும். அந்தக் கணக்கு அவன் கைக்குப் படிந்திருந்தது. அத்தாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் அருப்புக்கோட்டைக்குத் திரும்பி, திருச்சுழி ரோட்டில் பட்டறை போட்டான். இங்கே ஹெட்டர் யாருக்கு வேண்டும்? கிரில் கதவும் தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டும்தான் வந்தன.

அப்படியிருக்கும்போதுதான் மல்லாங்கிணறு சுந்தரபாண்டி வந்தார். அவருடைய போர் வண்டியின் கம்ப்ரஸர் இன்ஜினில் டர்போவுக்குப் புகை போகும் வார்ப்பிரும்புக் குழாய் வெடித்துவிட்டது. பழைய மாடல், எங்கும் கிடைக்கவில்லை. செய்து தர முடியுமா என்றார். முஸாஃபர் சாப்பாட்டைக்கூட மறந்து செய்தான். ஆறு குழாயும் ஒரே நீளத்தில், வளைந்து வளைந்து வந்து டர்போவில் சேர்ந்தன. முடித்ததும் போட்டோ எடுத்து ஷார்ஜா நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினான்.

இப்போது சுந்தரபாண்டிக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. துளை போடும் ரிக் ஓடும் இடத்தில் யார் காதில் விழும்?

“நிசமாவே உள்ளதான் விழுந்துச்சா?” என்று கேட்டாள் அவன் மனைவி நர்கிஸ்.

“தெரியல.”

“தெரியாமயேவா ஓடுற வண்டிய நிப்பாட்டச் சொல்லப் போறீக? பெறகு எவன் வேலை தருவான்?”

“டர்போ சுத்துற வேகத்துக்கு ஒரு நட்டு போயி மோதுனா செதறிரும் நர்கிஸ். பக்கத்துல ஆளு நிப்பாக.”

அவள் பைக் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

வழியெல்லாம் அவனுக்கு ஒரே யோசனை. உள்ளே இருந்தால் முதலிலேயே உடைத்திருக்காதா? ஏதாவது வளைவில் சிக்கிக் கிடந்து, அதிர அதிர நகர்ந்து வந்தால்? கருவேலங்காட்டுக்கு அப்பால் வெள்ளைப் புழுதி எழும்புவது தெரிந்தது. கம்ப்ரஸரின் இரைச்சலுக்கு ஊடே டர்போவின் விசிலும் கேட்டது. இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

சுந்தரபாண்டி சிரித்துக்கொண்டே எதிரே வந்தார். “பாய், பழசவிட நல்லா இழுக்குது, பாத்தீகளா!”

முஸாஃபர் நட்டைக் காணாத விஷயத்தைச் சொன்னான். சுந்தரபாண்டியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“பாறைய ஒடைக்கிற ஹேமர் முந்நூறு அடிக்குக் கீழ கெடக்கு. இப்பத்தான் புழுதி ஈரமா வருது. இந்த நேரத்துலயா?”

“ராடை மேல ஏத்திட்டு நிப்பாட்டுவோம்ணே. ஒரு தடவ தொறந்து பாத்துருவோம்.”

நிலத்துக்காரி பிச்சையம்மாள் வரப்பிலிருந்து எழுந்து வந்தாள். வடக்கு மூலையில் போட்ட போர் ஏற்கெனவே பொய்த்துப்போயிருந்தது. “தண்ணி தட்டுப்படுற நேரத்துல நிப்பாட்டுறீகளே, வெளங்குமா?” என்று கத்திவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

துளைக்குள் இறங்கியிருந்த ராடுகள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. ஒவ்வொன்று ஏறும்போதும் முஸாஃபர் டர்போவையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்ஜின் நின்று, சூடு ஆறி, டர்போவைக் கழற்றுவதற்குள் உச்சி வெயில் சாய்ந்துவிட்டது. உள்ளே சக்கரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கம்பியில் காந்தத்தைக் கட்டி ஆறு குழாய்க்குள்ளும் விட்டுப் பார்த்தான். வெறும் கரிதான் வந்தது. அந்த நட்டு எங்கே போனதென்று கடைசிவரை தெரியவில்லை.

“ஒரு நட்டுக்காக ஒரு பொழுதே போச்சு பாய்,” என்றார் சுந்தரபாண்டி. திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

தலை குனிந்தபடி குழாய்களைத் துடைத்தான் முஸாஃபர். கடைசிக் குழாயின் அடியில் ஓரிடம் மட்டும் கறுப்பாகவே இருந்தது. அழுத்தித் துடைத்தான். போகவில்லை. மயிரிழை போல ஒரு விரிசல்; அதன் வழியாகப் புகை கசிந்து கரி படிந்திருந்தது.

பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. பந்தயக் கார் கொஞ்ச நேரம் சீறிவிட்டு நின்றுவிடும். கம்ப்ரஸரோ பகல் முழுக்க ஓடுவது, லாரியே ஆட ஆட ஓடுவது. அழகுக்காகக் குழாய்களை நீளமாக விட்டதில் டர்போ வெளியே தள்ளிப்போய், அதன் மொத்தக் கனமும் பழுக்கக் காய்ந்த குழாய்களில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு முட்டு கொடுக்கலாமா என்று அன்றைக்கே தோன்றியதுதான். பார்க்க நன்றாயிராது என்று விட்டுவிட்டான்.

“அண்ணே, இங்க பாருங்க. தப்பு என்னோடதுதான்.”

சுந்தரபாண்டி குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். “எம்புட்டு நேரம் தாங்கியிருக்கும்?”

“பொழுதடையிற வரைக்கும் தாங்கியிருக்காதுண்ணே.”

அவர் ரிக்கில் இருந்த வெல்டிங் மெஷினை இறக்கச் சொன்னார். முஸாஃபர் விரிசலைத் தோண்டியெடுத்துப் பற்றவைத்தான். ஆங்கிள் இரும்பை வெட்டி, இன்ஜினிலிருந்து டர்போவுக்கு முட்டுக்கொடுத்தான். சூட்டில் குழாய் நீளும்போது இழுத்துப் பிடிக்காதபடி போல்ட்டுத் துளையை நீளவாக்கில் அறுத்தான். ஒருமுறை சரியாக வராமல் திரும்பவும் அறுக்க வேண்டியிருந்தது.

இன்ஜின் மறுபடி உறுமியது. ராடு இறங்கியது. முஸாஃபர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. புகை கசிகிறதா? சத்தம் மாறுகிறதா? பின்னால் யாரோ கூவினார்கள். திரும்பிப் பார்த்தபோது குழியிலிருந்து சேறும் தண்ணீரும் பீறிட்டுக்கொண்டிருந்தன. ஆளுயரத்துக்கு இல்லைதான், மிளகாய்ப் பயிருக்குப் போதும். பிச்சையம்மாள் தண்ணீரை அள்ளி வாயில் ஊற்றிப் பார்த்தாள். “உப்பில்லடா!” என்றாள். முஸாஃபர் மறுபடி குழாய்ப் பக்கமே திரும்பிக்கொண்டான்.

அந்த வாரத்திலேயே அவன் ஹெட்டரைக் கழற்றி வாங்கி, வேறொன்று செய்து கொடுத்தான். குட்டையான, தடித்த குழாய்கள். இன்ஜினை ஒட்டி டர்போ. பார்வைக்கு ஒன்றுமில்லை. போட்டோ எடுக்கவில்லை. அதைப் பொருத்தியபோது சுந்தரபாண்டி ஒன்றே ஒன்று சொன்னார்: “அடுத்த போர் பாயிண்டுக்குப் போறப்ப ஒரு எட்டு வந்து பாத்துருங்க பாய். எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

அந்தக் கோடை முழுவதும் வண்டி எங்கே நின்றாலும் முஸாஃபர் ஒருமுறை போய்வந்தான். விரிசல் எதுவும் விழவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் துணியால் துடைத்து, அந்த அடிப்பகுதியில் விரல் வைக்கும்வரை அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது.