எஞ்சினில் ஒரு கீறல்

நான் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களைத் துப்புரவு செய்கிறேன். கழுத்தில் உள்ளே போக விடும் அனுமதி அட்டை தொங்கும். பொலிசில் சின்னப் பிரச்சினை வந்தாலும் அதைப் பறித்துவிடுவார்கள் என்பது என் பயம். அட்டை போனால் வேலையும் போகும்.

இப்படிப் பயந்து வாழ்கிற நான், போன வசந்தத்தில் ரொக்ஸ்பரோவில் ஒரு வெள்ளைக்கார முதியவரிடம் பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். எழுபதுகளில் செய்தது. பல வருடம் ஓடாமல் அவர் கராஜில் நின்றது. பதிவுத் தாளோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் பழைய காகிதங்களும் தந்தார். எல்லாம் பிரெஞ்சு. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். உறையைத் திறக்கவில்லை.

எஞ்சினின் இடது பக்கம் படிந்த அழுக்கைத் தேய்த்தபோது பொறித்த இலக்கம் தெரிந்தது. கடைசி எண் மூன்று. பதிவுத் தாளில் அது எட்டு. மற்ற எண்கள் எல்லாம் ஒத்துப்போயின.

துணியைக் கீழே வைத்தேன். ஊரில் ஒருமுறை இரவல் மோட்டார் சைக்கிளில் போனேன். வீதியை மறிக்கும் சென்றிக் காவலரணில் ஆமிக்காரன் குனிந்து எஞ்சின் இலக்கத்தைப் பார்த்தான், வண்டியின் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். பொருந்தவில்லை. பின்னேரம்வரை வெயிலில் முழங்காலில் இருந்தேன். அவன் கோபப்படக்கூட இல்லை. அதை நினைத்தால்தான் இன்னும் பயம்.

"களவெடுத்த சாமானை வாங்கிப்போட்டன் போல," என்றேன் மனைவியிடம்.

"அந்த மனுசனைப் பாத்தா கள்ளன் மாதிரியோ இருக்கு? போய்க் கேளுங்கோவன்."

"எப்பிடிக் கேக்கிறது?"

"வாயாலதான்."

கேட்கவில்லை. நெடுங்காலம் ஓடாத வண்டி என்பதால் அதைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மூன்றை எட்டாக்க இரண்டு கீறல் போதும் என்று தோன்றியது. சனிக்கிழமை காலை ஆணியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். அலுமினியத்தில் வெள்ளையாக ஒரு கீறல் விழுந்தது. அதுவரை குற்றம் எதுவும் செய்யாதவன் இப்போது ஒன்றைச் செய்துவிட்டேன் என்பது அந்தச் சத்தத்தோடுதான் உறைத்தது. இரண்டாவது தட்டுத் தட்டவில்லை.

அப்படியே கொண்டுபோனேன். பரிசோதித்தவர் ஒரு மட்டக்களப்புக்காரர். தமிழர் என்பதில் ஆறுதல் இல்லை, சனத்துக்குள் கதை பரவும். அவருடைய டோர்ச் வெளிச்சம் எஞ்சினில் நின்றது.

"அண்ணே, இத ஆர் கீறின?"

பழியை அந்த முதியவர்மேல் போடலாம். பொய் வாய்வரை வந்தது.

"நான்தான், ஆணியும் சுத்தியலும் வைச்சு. தாளோட பொருந்தேல்லை. பயந்திட்டன்."

அவர் டோர்ச்சை அணைத்தார்.

"தாளில கிடக்கிறது செசி நம்பர், வண்டிச் சட்டத்தில அடிச்சது. ஹாண்டிலுக்குக் கீழ பாருங்க, எட்டு இருக்கு. இந்த வண்டிக்கு ஜப்பான்காரன் சட்டத்த ஒரு பக்கம் செய்தான், எஞ்சின இன்னொரு பக்கம் செய்தான். ரெண்டுக்கும் தனித்தனி நம்பர், கிட்டக்கிட்ட ஓடும். கடைசியில கைக்கு வந்த ரெண்டையும் சேத்துப் பூட்டினான். பொருந்தினாத்தான் அதிசயம்."

"அப்ப பிரச்சினை இல்லையோ?"

"நீங்க ஆணி வைக்கும்வரைக்கும் இல்ல. வேற காகிதம் கிடக்கா?"

உறையைக் கொடுத்தேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டி, வண்டியை முதன்முதலில் விற்ற கடையின் பற்றுச்சீட்டை எடுத்தார். யாரோ மையால் இரண்டு இலக்கங்களையும் எழுதியிருந்தார்கள். எஞ்சினுக்கு நேரே கடைசி எண் மூன்று.

"இத முதலே வாசிக்கல்லியா?"

"இல்லை."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கீறலைப் பற்றி ஒரு வரி எழுதி, பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்து, கையெழுத்து வைத்தார்.

"ஓட்டுங்க அண்ணே. அந்தச் சுத்தியல மட்டும் கொண்டுவந்து இஞ்ச தந்திடுங்க."

இப்போது அந்த உறை ஜக்கெற்றுக்குள் அட்டையோடு இருக்கிறது. ஆனாலும் சிவப்பு விளக்கில் பொலிஸ் கார் பக்கத்தில் வந்து நின்றால், வலது காலை ஊன்றி, இடது காலால் அந்த மூன்றை மறைத்துக்கொள்கிறேன். பச்சை விழும்வரை காலை எடுப்பதில்லை.