மருத்துவமனைச் சாய்தளமும் புருல்சாவின் கையெழுத்தும்

சாரிகாயின் என்ற சிறு நகரத்தில் புருல்சா பார்த்துச் சரி சொல்லாமல் எந்தப் பொதுக் கட்டடமும் திறக்கப்பட்டதில்லை. இருபத்தாறு வருடங்களாக அவள் கட்டட ஏற்புக் குழுவின் பொறியாளர். வேலை முடிந்தது என்று ஒப்பந்தக்காரர் சொன்னதும், மடக்கு அளவுகோலையும் ரசமட்டத்தையும் பையில் போட்டுக்கொண்டு போய் நிற்பாள். ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு படி மற்றவற்றைவிட இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது என்பதற்காக மொத்தப் படிக்கட்டையும் இடித்துக் கட்ட வைத்தவள். "புருல் அக்கா வர்றாங்க, சுவரே, நேரா நில்லு" என்று கொத்தனார்கள் கேலி பேசுவார்கள். அது காதில் விழும்போது உள்ளூர அவளுக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

புதிய மருத்துவமனையைப் பார்க்கப் போனது ஒரு டிசம்பர் மாதம். மறுநாள் திறப்பு விழா. தலைநகரிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள், கூடாரம் போட்டாயிற்று, ஆடு கூட வெட்டியாயிற்று. வாசல் தரையிலிருந்து எழுபது சென்டிமீட்டர் உயரம். ஒரு சாண் ஏற்றத்துக்குப் பன்னிரண்டு சாண் நீளம் வேண்டும் என்பது விதி. அப்படிப் பார்த்தால் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் எட்டு மீட்டருக்கு மேல் ஓட வேண்டும். எதிரே வேலி குறுக்கிட்டதால் மூன்றரை மீட்டரில் முடித்துவிட்டிருந்தார்கள். கீழே, கைப்பிடிக்குப் பக்கத்தில், உதவிக்கு ஆள் கூப்பிடும் மணியின் பொத்தான் இருந்தது. மேஸ்திரி எர்கெஷ் அதற்கு நாளைக் காலையில் இணைப்புக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான்.

கடுங்குளிர். கம்பளிக் காலணிக்குள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. புருல்சா ரசமட்டத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"விடு எர்கெஷ். இந்த ஊர்ல சக்கர நாற்காலியில வர்றவங்க எத்தனை பேரு? நான் இதுவரைக்கும் ஒருத்தரையும் பார்த்ததில்ல" என்றாள்.

சாய்தளம்: விதிப்படி உள்ளது. அழைப்பு மணி: வேலை செய்கிறது. இரண்டு வரியையும் ஏற்புப் படிவத்தில் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள். பிறகு சூடாகத் தேநீர் குடித்தார்கள்.

இரண்டு வருடங்களுக்கும் மேல் ஓடிவிட்டது. ஒரு மார்ச் மாதக் காலையில், இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள அதே மருத்துவமனைக்குப் போனாள். சாய்தளம் தொடங்கும் இடத்தில் ஒரு பெண் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். தலையில் பூப்போட்ட துணி, மடியில் ஒரு பை. கையுறையைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினாள்.

என்ன வேண்டும் என்று புருல்சா கேட்டதற்கு, "ஒண்ணுமில்லக்கா, கூப்பிட்டிருக்கேன். வருவாங்க. அவங்களுக்கும் வேலை அதிகம். சில நாள் முக்கால் மணி நேரங்கூட ஆகும்" என்றாள்.

அவள் பெயர் சாய்ராகான். வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள். மாதம் ஒருமுறை வந்தாக வேண்டும். வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பாள். கடைசியில் தெருவில் போகிற யாராவதுதான் தூக்கிவிடுவார்கள்.

புருல்சா நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளினாள். பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. கால் வழுக்க, நாற்காலி அவள் மார்பில் முட்டிப் பின்னோக்கி இறங்கியது. சாய்ராகான் கைப்பிடிக் கம்பியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இது பழக்கம் என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது. வண்டி நிறுத்தத்திலிருந்து இரண்டு ஆண்கள் ஓடிவந்து ஆளோடு சேர்த்துத் தூக்கி மேலே வைத்தார்கள்.

மேலே போனதும் சாய்ராகான் பைக்குள் கைவிட்டு, வீட்டில் பொரித்த போர்சோக் மாவுருண்டைகளில் ஒரு கைப்பிடி எடுத்து நீட்டினாள். "நீங்க நல்லாயிருக்கணும் அக்கா. யாரும் நின்னு என்னன்னுகூடக் கேக்க மாட்டாங்க."

புருல்சா வாங்கிக்கொண்டாள். நான்தான் இதற்குக் கையெழுத்துப் போட்டவள் என்று அவள் சொல்லவில்லை. முகம் எரிந்தது. மருத்துவரைப் பார்க்காமலே திரும்பி நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, திருப்புளியோடு போய்ப் பொத்தானின் மூடியைக் கழற்றினாள். உள்ளே கம்பி இல்லை. கம்பிக்கான துளைகூடச் சுவரில் போடப்படவில்லை, வெறும் காரைப்பூச்சு. எர்கெஷைத் திட்டலாம் என்று மனம் ஒரு கணம் இடம் தேடியது. ஆனால் வேலை செய்கிறது என்று எழுதியது எர்கெஷ் இல்லை.

பத்து நாள் அவளுக்கு ஒழுங்காகச் சாப்பாடு இறங்கவில்லை. பதினோராவது நாள் சாய்ராகானின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனாள். வாசலில் இரண்டே படி. சக்கரம் ஏற அவற்றின் மேல் ஒரு பலகை சாத்தியிருந்தது. தையல் இயந்திரத்தின் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். குளிரைச் சொன்னாள், வேலியைச் சொன்னாள், எர்கெஷிடம் தான் பேசிய பேச்சையும் விடாமல் சொன்னாள்.

சாய்ராகான் பாதியில் நின்ற சட்டைக் கையைத் தைத்து முடித்து நூலை அறுத்தாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"ரெண்டு வருஷமா அந்த நர்ஸுங்கள மனசுக்குள்ள திட்டிட்டிருந்தேன். பாவம், அவங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

"இல்ல."

"ஒருத்தரையும் பார்த்ததில்லன்னு சொன்னீங்க. எப்படிக்கா பார்ப்பீங்க? அடுத்த தெருவுல ஜீபார்னு ஒரு பொண்ணு இருக்கா. வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆறு வருஷமா கீழ இறங்கல."

புருல்சா தலை குனிந்து, மன்னித்துவிடச் சொல்லிக் கேட்டாள்.

"மன்னிப்ப வெச்சு நான் மேல ஏற முடியாதே" என்றாள் சாய்ராகான். குரலில் கோபம் இல்லை. "என்கிட்ட சொன்னத அப்படியே எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டு."

அதை எழுத மூன்று நாள் பிடித்தது. "கவனக்குறைவால்" என்று இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்தாள். கடைசியில், அளக்காமலே பொய்யாக எழுதினேன் என்று எழுதித் தன் அலுவலகத்திலேயே கொடுத்தாள். மேலதிகாரி அதைத் திருப்பித் தரப் பார்த்தார். ஓய்வுபெற நாலு வருடம் இருக்கையில் இது எதற்கு என்று கேட்டார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. கண்டனக் கடிதம் வந்தது. குழுவிலிருந்து எடுத்துப் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். கூட வேலை பார்த்தவர்களில் சிலர் அவளோடு தேநீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அடுத்து யாருடைய கையெழுத்தை இழுத்துவிடுவாளோ என்ற பயம்.

அடுத்த வருட இலையுதிர் காலத்தில் வேலியைத் தள்ளிப் போட்டு, நடுவில் நின்று இளைப்பாற மேடை வைத்து, இரண்டு மடிப்பாகச் சாய்தளத்தைக் கட்டினார்கள். அதை ஏற்கும் நாளில் சாய்ராகானையும் அழைத்திருந்தார்கள். யார் கையும் படாமல் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஏறினாள். திருப்பத்தில் இடம் போதவில்லை, அரை அடி கூட்டுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள். புருல்சா எதிர்த் தெருவில் ரொட்டிக் கடை ஓரமாக நின்று பார்த்தாள். கிட்டே போகவில்லை.

உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்து, நேர்மையான பொறியாளர் என்று அவளைப் பற்றி எழுத வேண்டும் என்றார். அவளுக்கு மறுபடி முகம் எரிந்தது. வேலை இருக்கிறது என்று கோப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த அறையில் அவள் கையெழுத்திட்ட கோப்புகள் மட்டும் நூற்றுப் பதினெட்டு இருந்தன. விடுமுறை நாட்களில் ஒவ்வொரு கட்டடமாகப் போய் அளந்தாள். பெரும்பாலும் சரியாகவே இருந்தன. நூலகத்தில் மட்டும், சக்கர நாற்காலிக்காரர்களுக்கான கழிப்பறைக் கதவு அறுபத்திரண்டு சென்டிமீட்டர்தான், நாற்காலி நுழையாது. அதையும் எழுதிக் கொடுத்தாள். ஆனால் கண்டுபிடித்த அன்றே கொடுக்கவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு வாரம் அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தாள்.