இன்சூரன்ஸ் துறையின் கடைசி அட்மிஷன்

தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இன்சூரன்ஸுக்கென்று தனித் துறை இருந்தது. தொடங்கிய நாளிலிருந்து மூடிய நாள்வரை அங்கே அட்டெண்டராக இருந்தவள் நான். பத்தாவதோடு நின்றவள். துறையின் கதையைச் சொல்ல வேறு யாரும் அங்கே மிச்சமில்லை.

ஆரம்பத்தில் வகுப்பறையே போதவில்லை. விபத்தில் நசுங்கிய ஒரு காரை வாங்கிக் கட்டடத்தின் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். சேதத்தைப் பார்த்து மதிப்புப் போடும் சர்வேயர் வேலையை மாணவர்கள் அதில்தான் பழகுவார்கள். மழைக்கு முன்னால் தார்ப்பாய் போட்டு மூடுவது என் பொறுப்பு.

பிறகு கூட்டம் குறைந்தது. பெரியவர்கள் ஏதேதோ காரணம் சொன்னார்கள். அட்மிஷன் மேஜைக்குத் தண்ணீர் கொண்டுபோகும்போது என் காதில் விழுந்தது ஒன்றுதான்: பாலிசி பிடிப்பதற்கா மூன்று வருஷப் படிப்பு? பிள்ளையைச் சேர்க்க வந்த ஒருவர், "எங்க மச்சான் எட்டாவது ஃபெயிலு மேடம். போன மாசம் என் தலையிலயே ரெண்டு பாலிசி கட்டிட்டான்" என்றார். துறைத் தலைவியான மேடம் சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து விளக்கினார்.

இந்த முறை முதலாமாண்டு வகுப்பு தொடங்காவிட்டால் துறையை மூடிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பக்கத்து மேஜைகளில் வரிசை நின்றது. எங்களிடம் யாரும் வரவில்லை. ஒருவர் சேர்ந்தால் அவரைக் காட்டி நாலு பேரைச் சேர்க்கலாம் என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசி வாரத்தில், படப்பையில் டிங்கரிங் ஷெட் வைத்திருக்கும் ஒரு பாய் மகளோடு வந்தார். அந்தப் பெண் காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எந்தப் பாகத்தைத் தட்டிச் சரிசெய்யச் சொல்வார்கள், எதற்கு இன்சூரன்ஸில் புதிது கொடுப்பார்கள் என்று மேடத்தைத் துளைத்தெடுத்தாள். "இதுலயே சேந்துக்கிறேன் அத்தா" என்றாள். பாய் அட்மிஷன் ஃபாரத்தை நிரப்பப் பேனா கேட்டார். நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

அவர் எழுதத் தொடங்கும்போது மேடம் பேசினார்.

"ஒண்ணு சொல்லிடறேன் சார். இதுவரைக்கும் வேற யாரும் சேரல. கிளாஸ் நடக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று பாய் விசாரிக்கவே இல்லை. ஆனால் இன்சூரன்ஸ் எடுப்பவர், கேட்காவிட்டாலும் எதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அந்தத் துறையின் முதல் பாடம். வருஷா வருஷம் வராந்தாவில் உட்கார்ந்து நானும் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒருநாள் மேடம் அதை மறந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

பாய் பேனாவை மூடினார். "பொண்ணு ஒருத்தியா உக்காந்து இன்னா மேடம் படிக்கும்? நாளைக்கு கிளாஸ் இல்லன்னா யாரைப் போய் கேக்கறது?"

கோபமாகச் சொல்லவில்லை. சொன்னதற்கு நன்றி என்றும் சொன்னார். அந்தப் பெண் அவர் பின்னால் பி.காம். வரிசைக்குப் போனாள்.

அதன்பிறகு யாரும் வரவில்லை. துறை மூடப்பட்டது. மேடம் வேலையை விட்டுப் போனார். என்னை ஹாஸ்டல் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். கேன்டீன் பக்கம் சில நாள் அந்தப் பெண்ணைப் பார்க்கிறேன். "அக்கா" என்று சிரிப்பாள். படிப்பு பிடித்திருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை.