அக்காவின் கத்தியில் இருக்கும் கறுப்பு வட்டம்

நினைவு மலரில் எழுதுகிறவர்கள் பிறந்த ஊரில் தொடங்குவார்கள். அக்காவுக்கும் அந்த மரியாதை உண்டு, ஆகவே நானும் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். ஆனால் இடையில் ஒரு கத்தியைப் பற்றி நிறைய வரும். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கத்தியை விட்டுவிட்டு எழுதினால், யாரைப் பற்றி எழுதியிருக்கிறாய் என்று அக்காவே கேட்பார்.

அக்கா நுவரெலியாப் பக்கம் வட்டகொடைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளின் கடைசிக் காம்பராவில் பிறந்தார். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். அம்மா கொழுந்து எடுப்பவர். அக்கா பிறந்து ஒன்பது வருடம் கழித்து நான் பிறந்தேன். அக்கா பத்தாம் வகுப்பில் இருந்தபோது அம்மா மலைச்சரிவில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. வீட்டில் சமைக்கவும் என்னைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டியிருந்ததால் அக்காவின் படிப்பு அதோடு நின்றது. பின்பு அவரும் பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்து எடுக்கப் போனார். நான் பள்ளிக்கூடம் முடித்தேன், கண்டிப் பக்கம் பல்கலைக்கழகம் போனேன், இன்று பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் படித்தவன் என்று என்னைக் காட்டுகிறார்கள். அக்கா அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவர் சொல்லிக்காட்டியது வேறு. "எங்க வீட்டுப் படிச்சவருக்கு ஒரு வெங்காயம் உரிக்கத் தெரியாது" என்பார், வீட்டுக்கு யார் வந்தாலும்.

அக்காவுக்கு இடது கைப் பழக்கம். கொழுந்து இரண்டு கையாலும் எடுப்பது என்பதால் மலையில் அது யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் தெரிந்தது. அகப்பையை இடது கையில் எடுத்தால் அம்மா தட்டிவிடுவார். சோறு போடுவதற்கு மட்டும் அக்கா வலது கைக்கு மாறினார். வெட்டுவதற்கு மாறவே இல்லை.

தோட்டத்துக்குக் கீழே இருந்த பழைய துரை பங்களாவைச் சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதியாக மாற்றினார்கள். அக்கா அங்கே பாத்திரம் கழுவப் போனார். பிறகு காய்கறி வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள். ஆறு வருடம் லீக்ஸும் கரட்டும் கோவாவும் வெட்டினார். ஒருமுறை அங்கே தங்க வந்த ஒரு சமையற்காரர் தன் சொந்தக் கத்தியைக் கொண்டுவந்திருந்தார். ஜப்பான் மாதிரிக் கத்தி. மெல்லிய தகடு, ஒரு சாண் நீளம், முதுகு முனைக்குப் பக்கத்தில் கீழே வளைந்து இறங்கும். ஒரு தக்காளியை வெட்டிப் பார்க்கச் சொல்லி அக்காவிடம் கொடுத்தாராம். அன்று வீட்டுக்கு வந்து அக்கா அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "அம்மா, அந்தத் தக்காளிக்கு வெட்டுனதே தெரியல."

அதற்குப் பிறகு அக்கா புதுச் சேலை எடுக்காமல் இரண்டு தீபாவளி போனது. மூன்றாவது வருடம், நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, ரயிலேறிக் கண்டிக்கு வந்தார். ஹோட்டல் சாமான் விற்கும் கடை ஒன்றுக்கு இரண்டு பேரும் போனோம். கடைக்கார நானா, தாடி வைத்த முஸ்லிம் பெரியவர், பளபளவென்று துருப்பிடிக்காத கத்தி ஒன்றை முதலில் எடுத்து வைத்தார். அக்கா அதைக் கையில் பிடித்து, வெட்டுவதுபோல் பலகையில் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, கீழே வைத்துவிட்டார். அடுத்ததன் பிடி ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தது. அது வலது கைக்காரருக்குச் செய்தது. இன்னொன்றை ஒரு பக்கம் மட்டுமே தீட்டியிருந்தார்கள், அதுவும் வலது கைக்குத்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு மணி நேரம் போயிருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில் எட்டுப் பட்டை மரப்பிடி போட்ட ஒன்று வந்தது. எந்தக் கைக்கும் ஒத்துப்போகும் பிடி, இரண்டு பக்கமும் தீட்டிய கூர்வாய். தகடு மட்டும் மங்கலாக இருந்தது.

"தங்கச்சி, இது கார்பன் இரும்பு. நல்லாக் கூர் நிக்கும். ஆனா தண்ணி பட்டு வச்சீங்கன்னா துருப்பிடிச்சிரும். நுவரெலியாப் பக்கத்துப் பனிக்கு இது சரிவராது" என்றார் நானா.

"துருப்பிடிக்க விட்டாத்தானே நானா" என்றார் அக்கா.

தடவுவதற்கு ஒரு சின்னப் போத்தல் எண்ணெயும் கொடுத்தார். அது தேயிலைக்கு உறவான செடி ஒன்றின் விதையிலிருந்து எடுப்பது என்று நானா சொன்னதும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மலைய விட்டு எறங்கிக் கிச்சனுக்கு வந்தாலும் தேயில விடுதா பாரு" என்று ரயிலில் வரும்போதும் சொல்லிச் சிரித்தார்.

அந்தக் கத்தியை அக்கா வைத்திருந்த விதத்தைப் பங்களாவில் வேலை செய்தவர்கள் இன்றும் சொல்வார்கள். வெட்டும்போதே பக்கத்தில் ஒரு காய்ந்த துணி இருக்கும். தேசிக்காய், தக்காளி என்று புளிப்பாக எதை வெட்டினாலும் அடுத்த காய்க்குப் போகுமுன் துடைத்துவிடுவார். பூசணிக்கும் எலும்புக்கும் அப்பாவின் பழைய வீட்டுக் கத்திதான். கடினமான இரும்பு, பக்கவாட்டில் திருகினால் வாய் சில்லுச் சில்லாக உடையும் என்பார். துணியில் சுற்றினால் ஈரம் நிற்கும் என்று பத்திரிகைத் தாளில் சுற்றி, அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார். யாராவது கேட்டால் கையில் கொடுக்கமாட்டார். நம் வீடுகளில் கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள் அல்லவா? பலகையில் வைத்து, "எடுத்துக்க" என்பார்.

இனி என் தவறு.

பங்களாவின் பெரிய சமையற்காரர் ஓய்வு பெற்றுப் போனார். அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவருவதா, அக்காவுக்குக் கொடுப்பதா என்று முகாமையாளர் யோசித்துக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் கூட்டம் ஒன்று வருகிற நாளில் மதியச் சாப்பாட்டை அக்கா பொறுப்பெடுத்துச் செய்து காட்ட வேண்டும், அதைப் பார்த்து முடிவு சொல்வதாகச் சொன்னார். அது விஜயதசமிக்கு மறுநாள். ஆறு வருடக் காத்திருப்பு அந்த ஒரு சாப்பாட்டில் இருந்தது.

நான் லீவில் வந்திருந்தேன். ஆயுத பூசைக்கு அப்பா தன் கவ்வாத்துக் கத்தியைக் கழுவி வைத்தார். அம்மாவின் கூடை, என் புத்தகங்கள் எல்லாம் வந்தன. அக்கா வேலையில் இருந்தார். ஆயுதத்துக்கு அன்று ஓய்வு என்று தன் கத்தியை வீட்டில் விட்டுவிட்டு, பங்களாக் கத்தியால் வெட்டப் போயிருந்தார். இத்தனை பாடுபட்டு வாங்கிய கத்திக்கு ஒரு பொட்டு வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது. பரணிலிருந்து எடுத்துக் கழுவினேன். மூன்று பொட்டுச் சந்தனம் வைத்தேன். ஒரு தேசிக்காயை இரண்டாக அரிந்து, குங்குமம் தோய்த்து, ஒரு பாதியைத் தகட்டின் மேலேயே கவிழ்த்து வைத்தேன். மனதாரக் கும்பிட்டேன். பூசையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடமாட்டோம். அக்காவும் வேலை முடிந்து வந்து, விளக்கைத் தூரத்திலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

விஜயதசமி காலையில் நான்தான் தேசிக்காயை எடுத்தேன். அடியில் கறுப்பாக ஒரு வட்டம். சந்தனம் இருந்த இடமெல்லாம் செம்பழுப்பு. சாறு வழிந்த இடத்தில் வாய் அரித்து, விரலில் சொரசொரவென்று பட்டது. அக்கா வாங்கிப் பார்த்தார்.

"சாமிக்கு வச்சது எப்பிடிம்மா கெட்டுப்போகும்? எங் கத்திக்கு முப்பது வருசமா வக்கிறேன், ஒன்னும் ஆகல" என்றார் அப்பா.

"ஒங்க கத்தி துருவோடயே பொறந்ததுப்பா. அதுக்கு ரோசம் கெடையாது" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். "நல்லதுக்குத்தானே வச்ச. போயி அடுப்புச் சாம்பல சலிச்சு எடுத்துக்கிட்டு வா."

அன்று பகல் முழுவதும் தண்ணீர் விழும் பீலிக்கரையில் உட்கார்ந்திருந்தார். ஈரச் சாம்பலை உருளைக்கிழங்குத் துண்டில் தொட்டுத் தேய்த்துத் துருவை எடுத்தார். தண்ணீரில் ஊறவைத்த தீட்டுக்கல்லைக் கரடான பக்கம் மேலே வைத்தார். கத்தியின் முதுகு கல்லிலிருந்து எவ்வளவு உயரும் என்பது கடைசி வரை மாறவில்லை. கல்லில் ஊறிவந்த சேற்றைக் கழுவிவிடப் போனேன். அதுதான் தீட்டுகிறது, விடு என்றார். எதிர்ப்பக்கத்தில் பிசிறு எழுவதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, பக்கம் மாற்றி, பிறகு மென்மையான பக்கத்தில் தீட்டி, கடைசியாகப் பத்திரிகைத் தாளில் பின்பக்கமாக இழுத்தார். தண்ணீர் எடுக்க வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்து ஏதாவது சொல்லிவிட்டுப் போனார்கள். நாளைக்குக் கலியாணமா, கொலையா என்று ஒரு பெரியம்மா கேட்டார். கத்தியின் பழைய கூர் திரும்பி வந்துவிட்டது. கறுப்பு வட்டம் மட்டும் போகவில்லை.

மறுநாள் முகாமையாளர் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு, அழுக்குக் கத்தி விருந்துக்கு வேண்டாம், வேறு எடு என்று சிங்களத்தில் சொன்னாராம். அக்கா வாதாடவில்லை. ஒரு தக்காளியைப் பலகையில் வைத்து, கத்தியின் பாரத்தை மட்டும் அதன் மேல் இறக்கி இழுத்தார். வெட்டின துண்டு விழாமல் அப்படியே நின்றது. அழுக்கில்லை, சாமி தொட்ட இடம் என்று சொன்னாராம். முகாமையாளர் சிரித்துவிட்டார். சாப்பாடு முடிந்த பிறகு சிரிக்காமல் வந்து, அடுத்த மாதத்திலிருந்து சமையலறைப் பொறுப்பு அக்காவுக்கு என்று சொன்னார்.

ஏழு வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தார். என் படிப்பு முடிந்தது அந்தச் சம்பளத்தில். அம்மாவின் கண் ஆபரேஷனும் அதில். கலியாணப் பேச்சு வந்தபோதெல்லாம், மாப்பிள்ளைக்குத் தீட்டத் தெரியுமா என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடுவார்.

போன வருடத் தொடக்கத்தில் வயிற்றில் கட்டி என்றார்கள். மருந்து ஏற்ற ஏற்ற விரல் நுனிகள் மரத்துப்போயின. தீட்டும்போது பிசிறு விரலுக்குத் தெரியவில்லை என்று ஒருநாள் காலையில் சொன்னார். அதன் பிறகு அவர் தீட்டவில்லை. கடைசி வாரம், வெயில் நன்றாக அடித்த ஒரு நாள், வாசல்படியில் உட்காரவைக்கச் சொன்னார். கத்தியைக் கேட்டார். தாளைப் பிரித்து, எண்ணெய் தொட்டுத் துடைத்தார். பிறகு பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார். பலகையில் வைக்கவில்லை. நேராகக் கையில்.

அம்மா பதறிப்போனார். "கையில குடுக்காதடி, சண்ட வரும்."

"வரட்டும்மா" என்றார் அக்கா. "இவங்கூட நான் இன்னும் ஒரு சண்டகூட ஒழுங்காப் போடல."

நான் வாங்கிக்கொண்டேன்.

அக்காவின் கடைசி நாட்களில் துணை நின்றவர்களுக்கு எங்கள் நன்றியைச் சொல்ல வேண்டும். முறை வைத்து ஆஸ்பத்திரியில் கூட இருந்த லயத்துப் பெண்களுக்கும், அக்காவின் விரலைத் தேய்த்துவிட்டபடியே கதை பேசிய சிங்களத் தாதிக்கும், எந்த நேரமும் முகம் சுளிக்காத வேன்கார அண்ணனுக்கும், அடக்கத்தன்று இருநூறு பேருக்குத் தேநீர் வைத்த பங்களாச் சமையலறைப் பிள்ளைகளுக்கும், மழையில் பாதை வெட்டிக்கொடுத்த தோட்டத்துத் தம்பிமாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்த முதலாண்டு நினைவு நாளில் படத்துக்கு முன்னால் அக்காவின் கத்தியைப் பொட்டு வைத்து வைத்திருக்கலாமே என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். ஒருமுறை வைத்தேன், போதும். இன்று அது சமையலறையில் இருக்கிறது. உங்கள் இலையில் உள்ள கோவா, கரட், லீக்ஸ் எல்லாம் அதில் வெட்டியவை. வெட்டியவன் நான். துண்டுகள் ஒரே அளவில் இல்லை, மன்னிக்கவும். பந்தி முடிந்ததும் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவித் தாளில் சுற்றுவேன்.

அக்கா, கையில் வாங்கி ஒரு வருடமாகிறது. சண்டை இன்னும் வரவில்லை. துண்டு இப்படியா வெட்டுவது என்றாவது நீங்கள் வந்து தொடங்கலாம்.