பீங்கான் சுவருக்குப் பின்னால் ஒரு வால்வு

குழாய் வேலையில், வெளியே தெரிகிற குழாயை எந்த மடையனும் சரிபண்ணிவிடுவான். சுவருக்குள்ளே பதுங்கியிருக்கிறதே, அதுதான் ஆளின் பிராணனை வாங்கும். ஸ்பானர் பிடித்து வயிறு வளர்க்கிற சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா? ராயபுரத்தில் நாயுடு வீட்டு ஷவர் வால்வு என்னைப் படுத்திய பாட்டைக் கேளுங்கள். இதைவிட மோசமாக உங்களுக்கு ஏதாவது நேர்ந்திருந்தால் அவசியம் வந்து சொல்லுங்கள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

சீமைக் கல்

நாயுடு ஹார்பரில் சரக்கு இறக்குகிற காண்டிராக்டர். கப்பலில் வருவதையெல்லாம் பார்த்துப் பார்த்து ஆசை வந்து, தம் வீட்டுக் குளியலறைச் சுவர் முழுக்கச் சீமைப் பீங்கான் கல் பதித்திருந்தார். வாழைக் குருத்துப் பச்சை. அதற்கு ஜோடி மெட்ராஸ் முழுக்கச் சல்லடை போட்டாலும் கிடைக்காது. ஷவரைத் திறக்கிற வால்வு அந்தச் சுவருக்குள் இருந்தது. அது உள்ளுக்குள்ளேயே கசிந்து, பின்னறைச் சுவரெல்லாம் ஓதம் ஏறிவிட்டது. அந்த அறையைத்தான் தலைப் பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ராஜத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். பச்சைக் குழந்தை படுக்கிற இடத்தில் ஈரம் ஆகாது, அதற்குள் வால்வை மாற்றியாக வேண்டும் என்று நாயுடுவின் சம்சாரம் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

நான் வேலை பார்த்த கடைக்கு நாயுடு பெரிய வாடிக்கை. என்னை மிஸ்திரியாக ஏற்றி அப்போதுதான் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. வியாசர்பாடியில் எனக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்ததே அந்த மிஸ்திரிப் பட்டத்துக்காகத்தான். கிளம்பும்போது கடை மானேஜர் என்னைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்: "அந்தச் சுவத்துல ஒரு கல்லு கீறல் வுட்டாலும் நீ மிஸ்திரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்படியே வூட்டுக்குப் போய்க்கினே இரு."

பின்பக்க வழி

வால்வின் கைப்பிடி மட்டும் கல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது வருகிற ஓட்டையில் கட்டைவிரல் நுழையும், ஸ்பானர் நுழையாது. உளியை எடுப்பேன், கல்லின் மேல் வைப்பேன், மானேஜர் முகம் தெரியும், கீழே வைத்துவிடுவேன். காலைப்பொழுதில் பாதி இப்படியே போயிற்று. கூட வந்த கொத்தனார் எல்லப்பன் வெற்றிலை போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் பொறுக்க முடியாமல் எழுந்து பின்னறைக்குப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தான். அந்தப் பக்கம் வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும்! அங்கிருந்து குடைந்தால் நேரே வால்வின் முதுகுக்குப் போய்விடலாம். வேலை முடிந்ததும் பூசிவிடலாம். ஒரு கல்லுக்கும் ஆபத்தில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எல்லப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டான்: "மூஞ்சி அழகாக் கீதுன்னு அங்கியே குந்திக்கினுகீறியே நைனா, முதுகு சொறியறதுக்கு முன்பக்கமாவா வருவாங்க?"

தெருக்குழாய்

பழைய வீடு. உள்ளே தண்ணீரை நிறுத்தத் தனியாக ஒரு சாவி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. தெருமுனையில்தான் மூட வேண்டும். மூடினால் தெருக்குழாயும் சேர்ந்து நின்றுபோகும். கேட்க வேண்டியவர்களைக் கேட்டுக்கொண்டுதான் மூடினேன். திரும்பிப் பார்த்தால் குடமும் கையுமாகப் பெண்கள் வரிசை! "ஒரு மணி நேரந்தான் தாயே" என்றேன். நம் தொழிலில் ஒரு மணி நேரம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு அம்மாள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: "ஐயாவுக்கு மேலேர்ந்து தண்ணி கொட்டலன்னா இன்னா, சொம்புல மொண்டு ஊத்திக்க மாட்டாரா? எங்க வூட்டு உலைக்கு யார்யா ஊத்துவா?"

வண்டி நிற்கவில்லை, வலி நிற்கவில்லை

பின்னறைப் பக்கம் எல்லப்பன் குடைந்து வால்வின் முதுகைக் கண்டுபிடித்துவிட்டான். நான் குளியலறைப் பக்கமிருந்து கைப்பிடியைக் கழற்றினேன். துருப்பிடித்த சனியன், தலையோடு உடைந்து கையில் வந்துவிட்டது. இனிப் பழையதைத் திரும்ப மாட்ட வழியில்லை. புது வால்வு ஏறாமல் தெருவில் தண்ணீரைத் திறந்தால் குளியலறை குளமாகிவிடும். சரி, பின்னறைக்குப் போய் ஸ்பானரைப் போட்டேன். ஒரு சுற்றுகூடச் சுற்றியிருக்க மாட்டேன், வீட்டுக்குள்ளே ஒரே களேபரம். ராஜத்துக்கு வலி கண்டுவிட்டது.

நாள் இன்னும் இருந்தது. ஆனால் அதைக் குழந்தைக்கு யார் எடுத்துச் சொல்வது? மற்ற அறையெல்லாம் மாடியில். அந்தப் பெண்ணால் படியேற முடியவில்லை. எங்கள் உளி, சுத்தியல், செங்கல் தூசி எல்லாவற்றையும் வாரி வெளியே எறிந்துவிட்டுப் பின்னறையிலேயே பாயைப் போட்டார்கள். ஆளனுப்பி வரவழைத்த மருத்துவச்சி மங்கம்மா குதிரைவண்டி நிற்பதற்குள் குதித்து ஓடிவந்தாள். நான் சுவரை ஒட்டி நின்றுகொண்டு, "அம்மா, ஒரே நட்டு, ஒரே ஒரு நட்டு..." என்று கெஞ்சினேன். அவள் என் தோளைப் பிடித்துத் தள்ளினாள்: "புள்ள பொறக்கிற எடத்துல ஆம்பளைக்கு இன்னா வேல? வெளிய போ! போய்க் கொழாயில தண்ணிய வுடு, வெந்நி வெக்கணும்!"

கண்ணை மூடிக்கொண்டு

அண்டாவில் இருந்த தண்ணீர் அடுப்புக்குப் போய்விட்டது. கடலோரத்துக் கிணறு, வாயில் வைத்தால் உப்பு கரிக்கும். அதைக் கொண்டு வந்தால் கொட்டிவிடுவேன் என்றாள் மங்கம்மா. நான் குளியலறையில் நின்றேன். எதிரே பச்சைக் கல். அதற்குப் பின்னால் ராஜத்தின் கதறல். என் மிஸ்திரிப் பட்டம் போகும், கல்யாணம் நின்றுபோகும் என்று ஒரு பயம். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் தண்ணீரை நிறுத்திய பாவி நான்தானே என்று இன்னொரு பயம். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டாவது பயம்தான் ஜெயித்தது. வெளியே எறிந்த சுத்தியலைப் போய் எடுத்து வந்தேன்.

"உடைக்கப் போறேன்! ஓட்டையிலே ஒரு சேலையைக் கட்டுங்க!" என்று சுவரைப் பார்த்துக் கத்திவிட்டுச் சுத்தியலை ஓங்கினேன். முதல் கல் குறுக்கே விண்டது. என் பல் விண்ட மாதிரி இருந்தது. அதற்கப்புறம் கணக்கே இல்லை, கை போன பக்கமெல்லாம் உடைத்தேன். சேலைக்கு அந்தப் பக்கமிருந்து மங்கம்மாவின் குரல் கேட்டது: "நீ கண்ண மூடிக்கினு ஒடை, நைனா! நான் கண்ணத் தொறந்துகினு புள்ளயப் புடிக்கிறேன்!"

நாயுடு வந்தார்

ஸ்பானர் தாராளமாக நுழைந்தது. பழைய வால்வு வந்துவிட்டது. சணலைச் சுற்றிப் புதியதை ஏற்றினேன். எல்லப்பன் தெருமுனைக்கு ஓடித் திறந்தான். குழாய் இருமியது, செருமியது, அப்புறம் கொட்டியது. கசிகிறதா என்று தடவித் தடவிப் பார்த்தேன், ஒரு சொட்டில்லை. அடுப்படிக்குத் தண்ணீர் போயிற்று. வெகுநேரம் கழித்து, உடைந்த சுவர் வழியாகக் குழந்தையின் அழுகுரல் நேரே குளியலறைக்குள் வந்தது. அந்த வீட்டில் அதை முதலில் கேட்ட ஆம்பளை நான்தான். அழுதுவிட்டேன், அதிலென்ன வெட்கம்?

ஹார்பரிலிருந்து நாயுடு மூச்சிரைக்க ஓடிவந்தார். தாயும் பெண் குழந்தையும் சௌக்கியம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். தண்ணீர் வந்த கதையையும் சொல்லியிருக்க வேண்டும்; நேரே குளியலறைக்கு வந்தார். சுவரில் ஒரு முறம் அளவுக்குப் பொத்தல். காலடியில் பச்சைச் சில்லுகள். என் கையில் சுத்தியல். அவர் குனிந்து ஒரு சில்லை எடுத்து வேட்டியில் துடைத்தார். கல்யாணம் போச்சு, வேலையும் போச்சு என்று நான் சுவரோடு சுவராக நின்றேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது, கோபம் மட்டும் குறையவில்லை: "உடைச்சதுதான் உடைச்ச, காலையிலியே உடைக்கிறதுக்கு இன்னாடா கேடு? எம் பொண்ணு தண்ணிக்குக் காத்துக்கினு கெடந்திருப்பாளா?"

அவரே மானேஜரிடம் பேசியதால் பட்டமும் தப்பிக் கல்யாணமும் நடந்துவிட்டது என்றாலும், இன்றுவரை எந்த வீட்டுக் குளியலறையில் கால் வைத்தாலும், அந்த வீட்டில் யாராவது முழுகாமல் இருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் நான் உளியையே வெளியில் எடுக்கிறேன்.