அக்காவுக்கு நான் சூட்டிய சொல்

நான் முடி வெட்டிக்கொள்ளும் கடையின் விலைப்பலகையில் ஆண், பெண் என்ற பிரிவே கிடையாது. குட்டை முடி, நடுத்தர முடி, நீள முடி என்று மூன்றே வரி, எதிரே விலை. நெதர்லாந்துக்கு வந்த இரண்டாவது மாதம், உட்ரெக்ட் நகரத்து வாய்க்கால் ஓரத்தில் இருக்கும் அந்தக் கடைக்குள் முதன்முதலாக நுழைந்தபோது, லேடீஸ் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டு நின்றேன். பக்கமெல்லாம் ஒன்றும் இல்லை. ஒரே வரிசை நாற்காலிகள். எனக்கு இடப்புறம் ஒரு முதியவர், வலப்புறம் நகங்களுக்கு நீலச்சாயம் பூசிய ஓர் இளைஞன். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எனக்கு மட்டும், கழுத்தில் துணி கட்டியதும் வேர்த்துவிட்டது. பேச்சுக் கொடுத்தால் படபடப்பு குறையும் என்று, அரைகுறை டச்சில், ஊரில் என் அக்கா வருடா வருடம் தலையை முழுவதும் மழித்துவிடுவார் என்று சொன்னேன். முடிவெட்டும் பெண்ணின் கத்தரிக்கோல் அப்படியே நின்றது. அக்காவுக்கு என்ன வயது, சிகிச்சை முடிந்துவிட்டதா என்று மெதுவாகக் கேட்டாள். நோயெல்லாம் இல்லை, கடவுளின் அம்மாவுக்குக் கொடுக்கிறார் என்றேன். நேர்ச்சை என்ற வேண்டுதலை டச்சில் வேறெப்படிச் சொல்வது? அவள் கண்கலங்கி என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். கிளம்பும்போது ஒரு காபியும் கொடுத்து அனுப்பினாள்.

அந்த அக்கா என் பெரியம்மாவின் ஒரே மகள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். குட்டியானை என்று நாம் சொல்லும் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். உடையார்பாளையம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து முந்திரிக்கொட்டை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு உடைக்கும் கொட்டகைகளுக்குக் கொண்டுபோய் இறக்குவது வேலை. அரைக்கைச் சட்டை, பேண்ட், சட்டைப்பையில் ஒரு பேனா. சின்ன வயதில் ஏதோ ஒரு காய்ச்சலில் பிழைத்ததற்காக ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவுக்கு மொட்டை போடுவதாகப் பெரியம்மா வேண்டிக்கொண்டார். அது ஒரே ஒரு மொட்டைதான். பதினாறு வயதுக்கு மேல் அக்காவே தனக்கென்று வேண்டிக்கொண்டு வருடா வருடம் போட ஆரம்பித்தார். திருவிழாவுக்கு மொட்டை, இடைப்பட்ட மாதங்களில் ஜெயங்கொண்டத்தில் ஆண்கள் சலூனில் கிராப். அங்கே யாரும் ஏன் என்று கேட்டதில்லை. நேர்ச்சை முடி. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பதற்கும் ஊர் தானாகவே ஒரு பதிலை வைத்துக்கொண்டது: அது நேர்ச்சைக்காரப் புள்ள. எங்கள் கோயிலில் பூசையின்போது பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். அக்கா வண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, கடைசியில், வாசல் நிலையில் சாய்ந்து நிற்பார். வண்டி ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து அங்கேதான் நிற்கிறார். அந்த இடத்தை யாரும் அவருக்குக் கொடுக்கவுமில்லை, அவரிடமிருந்து எடுக்கவுமில்லை.

எனக்கோ எதற்கும் ஒரு சொல் வேண்டும். பெரம்பலூரில் விடுதியில் தங்கிப் படித்த நான்கு வருடங்களில் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்திருந்த நல்ல சொல் திருநங்கை என்ற ஒன்றுதான். மற்றவை எல்லாம் பஸ் ஸ்டாண்டில் வீசப்படும் வசவுகள். இங்கே பல்கலைக்கழகத்தின் மாணவர் உதவிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். பயிற்றுநர் பலகையில் தனித்தனியாக இரண்டு கோடுகள் போட்டார். ஒன்று ஜெண்டர் ஐடென்டிட்டி. ஒருவர் உள்ளுக்குள் தன்னை ஆணாகவோ, பெண்ணாகவோ, இரண்டிலும் அடங்காத ஒருவராகவோ அறிவது. மற்றது ஜெண்டர் எக்ஸ்பிரஷன். உடை, முடி, நடை, குரல் என வெளியே தெரிவது. ஒரு கோட்டைப் பார்த்து இன்னொரு கோட்டை ஊகிக்கக் கூடாது என்று அவர் சொன்னதை நான் இரண்டு முறை அடிக்கோடிட்டேன். அன்றைக்கே வீடு திரும்பும் வழியில் தமிழாக்கிவிட்டேன்: பாலின அடையாளம், பாலின வெளிப்பாடு. தன்னை ஆணாக அறியும், ஆனால் பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டவருக்குத் திருநம்பி என்ற அழகான சொல் ஏற்கெனவே தமிழில் இருப்பதைக் கண்டுபிடித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டுப் பாலத்தின் மேல் நின்று போனில் குறித்துக்கொண்டேன்.

இங்குள்ள தமிழ் நண்பர்கள் கூடிப் பொங்கலுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். அதில் இந்தச் சொற்களை விளக்கி நான்கு பக்கம் எழுதினேன். விளக்கம் வறட்சியாக இருக்கக் கூடாது என்று ஓர் உதாரணம் சேர்த்தேன். எங்கள் ஊரில் குட்டியானை ஓட்டும் ஓர் அக்கா, ஊர் அவரது மொட்டையை நேர்ச்சை என்று நம்பிக்கொண்டிருக்கிறது, உண்மையில் அவர் ஒரு திருநம்பி, அதைச் சொல்ல அவருக்கு ஒரு சொல் இல்லை, அவ்வளவுதான். பெயர் போடவில்லை. அதையே பெரிய நாகரிகமாக நினைத்துக்கொண்டேன். மலரின் பிடிஎஃப்பைப் பெருமையோடு அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா படிக்காமலேயே எங்கள் அன்பியத்தின் வாட்ஸப் குழுவில், அதாவது கோயிலைச் சேர்ந்த முப்பது குடும்பங்களின் குழுவில், மகள் எழுதியது என்று போட்டுவிட்டார்.

மறுநாள் காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டார்.

"ஏன்டி, ஒனக்கு எழுத ஊருல வேற ஆளே இல்லையா?"

"நான் பேரு போடலையேம்மா."

"பேரு எதுக்கு? குட்டியானை ஓட்டுற பொம்பளப்புள்ள நம்ம ஊருல என்ன பத்துப் பேரா இருக்காங்க?"

பெரியம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது என்றார் அம்மா. வாயில் நுரையோடு தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த பதினொரு நாட்களில் நான் எத்தனை முறை போனைத் திறந்து அக்காவின் பெயரைப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நான் அனுப்பிய மூன்று குரல் பதிவுகளும் கேட்கப்படாமல் கிடந்தன. வண்டியின் முன்னால் அவர் நிற்கும் முகப்புப்படம் ஒருநாள் காணாமல் போய்ச் சாம்பல் வட்டம் வந்தது. ஊர்ச் செய்தி எல்லாம் அம்மா வழியாகத் துண்டு துண்டாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அக்கா வழக்கம்போல வாசலில் நின்றிருக்கிறார். ஒலிபெருக்கி வேலை பார்க்கும் ஒருவர், கைகூப்பியபடி, ரொம்ப மரியாதையாக, "வாங்க தம்பி, இனிமே நம்ம பக்கமே வந்து உக்காரலாம்ல" என்றிருக்கிறார். பின்வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்களாம். அக்கா வெளியே போய் வண்டியை எடுத்த சத்தம் உள்ளே பீடம் வரை கேட்டதாம். அதற்கடுத்த ஞாயிறு வாசல்நிலை காலியாக இருந்தது. திருவிழாவுக்கு ஏலாக்குறிச்சிக்கு அக்கா வண்டியில் வருடா வருடம் போகும் பன்னிரண்டு பெண்களில் இரண்டு பேர் இந்த முறை பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். அங்கே பந்தலில் பெண்கள் எல்லோரும் ஒரே வரிசையில் ஜமுக்காளம் விரித்துப் படுப்பார்கள், அக்காவும் அந்த வரிசையில்தான். இந்த வருடம் 'அவரு' எங்கே படுப்பாராம் என்று ஒரு கேள்வி முந்திரி உடைக்கும் கொட்டகையில் சுற்றிக்கொண்டிருந்தது.

என்னோடு வேலை பார்க்கும் யானாவிடம் இதைச் சொன்னேன். அந்தப் பயிற்சியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் இனி உன் அக்கா எதையும் மறைக்க வேண்டியதில்லை, பெரிய விடுதலை இல்லையா, அவருக்கு என் வாழ்த்தைச் சொல் என்றாள். அவர் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்றேன். அதில் என்ன வேறுபாடு, உண்மை ஒன்றுதானே என்றாள். நல்லவள். அவளுக்கு விளக்க வாய் திறந்தபோதுதான் எனக்கே உறைத்தது. அது உண்மைதானா என்றே எனக்குத் தெரியாது. அக்காவிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. சட்டையையும் கிராப்பையும் பார்த்து உள்ளே இருப்பதை எழுதியிருந்தேன். இரண்டு கோடு, இரண்டு அடிக்கோடு, ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்காதீர்கள் என்று முதல் பக்கத்தில் ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு, மூன்றாம் பக்கத்தில் நானே ஊகித்திருந்தேன். ஊர் தெரியாமல் விட்டுவைத்த ஒன்றைத் தெரிந்ததாகச் சொன்னது நான் மட்டும்தான்.

பன்னிரண்டாம் நாள், நான் பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டார். வண்டியை எங்கோ நிறுத்தியிருந்தார். பின்னால் மூட்டை இறக்குபவர்களின் சத்தம். நான் மன்னிப்பை ஆரம்பிக்க, அவர் அதை முடிக்க விடவில்லை.

"அந்த வார்த்தை எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"போன்ல நான் முந்திரி வெல மட்டுமா பாக்குறேன்? நாலு வருசமாத் தெரியும்டி. அது நாந்தானான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். ஒரு நாளு மனசு ஆமாங்குது, ஒரு நாளு சும்மா இருங்குது. நான் ஒரு முடிவுக்கு வர்றதுக்குள்ள நீ ஊருக்கே சொல்லிட்ட."

பஸ்ஸில் எனக்கு எதிரே இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதும் என் அவசரப்புத்தி அடங்கவில்லை. அப்படியானால் நேர்ச்சை என்பது பொய்யா அக்கா என்று கேட்டுவிட்டேன்.

"பொய்யா? மாதாவுக்குத் தெரியாமயா நான் வருசா வருசம் தலையக் குடுக்குறேன்? ரெண்டும் நெசந்தான். ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்கக் கூடாதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. பயிற்றுநரின் பலகையில் அதற்குக் கோடே இல்லை. மன்னிப்புக் கேட்டு, நான் எழுதியது தவறு என்று இன்னொரு கட்டுரை எழுதட்டுமா என்றேன். அந்தப் பன்னிரண்டு நாளில் முதல்முறையாக, அவர் சிரிப்பதைக் கேட்டேன்.

"ஏன், போன தடவ படிக்காம எவனாவது மிச்சம் இருக்கானா?"

உங்களுக்கு இதை எழுத அவரிடம் அனுமதி கேட்கவே எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. போனில் முழுவதும் வாசித்துக் காட்டினேன். இரண்டு வரிகளை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். ஊரின் பெயர் வேண்டாம் என்றார். வரதராஜன்பேட்டைக்கும் விக்கிரமங்கலத்துக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிலை மாற்றிவிடட்டுமா என்றதற்கு, வண்டியை எடுத்துவிட்டால் தன்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்டார். என்ன பெயர் போட என்றேன். "ராணின்னு போடு. அந்தப் பேர்ல என்னைய எவனும் தேடமாட்டான்" என்றார். என்னால் அந்தப் பெயரில் அவரை எழுத முடியவில்லை, அக்கா என்றே விட்டிருக்கிறேன். அந்தச் சொல்லை என்ன செய்வது என்றும் கேட்டேன். அதைத் தான் தூக்கிப் போடவில்லை, தன்னிடம் இருக்கட்டும், எப்போது எடுப்பது என்று தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். புலம்பெயர்ந்து வந்து புதுச்சொற்களை ஊருக்கு மூட்டை கட்டி அனுப்ப ஆசைப்படும் என்னைப் போன்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சொற்கள் தவறில்லை. அவை இல்லாததால் செத்துப்போனவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சொல்லைத் தன்மேல் போட்டுக்கொள்ளும் கை அவரவருடையது.

திருவிழா நெருங்க நெருங்க, அக்கா போவாரா, போனால் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று அம்மாவைத் தினமும் நச்சரித்தேன். கிளம்பும் நாள் மதியம், நான் அலுவலக உணவுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, வீடியோவில் அக்காவே கூப்பிட்டார். முகத்தைக் காட்டவில்லை, வண்டியின் பின்புறத்தைக் காட்டினார். ஜமுக்காளத்தின் மேல் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "எங்களயும் எதுலயாச்சும் போட்டுறாத தாயி" என்றதும் மற்றவர்கள் சிரித்தார்கள். முன்சீட்டில் பெரியம்மா ஜெபமாலையோடு இருந்தார், திரும்பவில்லை. நான் தலைகளை எண்ணினேன். பத்து. பின்கதவு ஓரம் இரண்டு ஆள் உட்காரும் அளவுக்கு ஜமுக்காளம் வெறுமையாகத் தெரிந்தது.

"நகந்து நல்லா உக்காருங்கன்னா கேக்க மாட்டேங்குறாளுவ" என்றார் அக்கா, கேமராவுக்குப் பின்னாலிருந்து. "அந்த எடம் அப்படியே கெடக்கு. அடுத்த வருசம் நீ வந்து உக்காரு."

அவர் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நேரமாச்சு என்று சொல்லி வைத்துவிட்டார். என் மேசைக்கு எதிர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, தட்டோடு ஒருவர் நின்றிருந்தார். இங்கே யாராவது வருகிறார்களா என்று கேட்டார். இல்லை, உட்காருங்கள் என்றேன். அவருக்கு வழிவிட என் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினேன். கொள்ளிடம் பக்கமாக அந்த நேரம் ஒரு குட்டியானை போய்க்கொண்டிருக்கும். என்னால் காலியான இடத்தில் என்னை வந்து உட்காரச் சொல்லியிருக்கிறார் அக்கா. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்னிடம் ஏதோ கேட்டார். எழுந்து போகவும் முடியாமல் சரியாக உட்காரவும் முடியாமல், நாற்காலியின் நுனியில் இருந்தபடி அவருக்குப் பதில் சொன்னேன்.